பிய்த்தால் பெருகும் உயிர்: கம்பளக் கடற்பீச்சியைத் தெரிந்துகொள்வோம்

கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் பாறைக் கரையின் கடைசி வரிசைக்கு இறங்கி, அங்கே கிடக்கும் கல் ஒன்றைப் புரட்டினால் அடிப்பக்கத்தில் ஒரு கூட்டமே குடியிருக்கும். கொட்டலசு, கடற்பஞ்சு, குட்டிச் சிப்பி, புழுக்கூடு, பாசி என்று ஒரு கை அகலத்துக்குள் பத்துப் பதினைந்து வகை உயிர்கள் இருக்கும். இங்கிலாந்தின் கென்ட் கரையிலோ அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் கரையிலோ நின்று நீங்கள் இப்படிப் புரட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில கற்களில் இந்தக் கூட்டம் எதுவுமே கண்ணில் படாது. எல்லாவற்றின் மேலேயும் வெளிர் மஞ்சளாக, தொட்டால் வழவழப்பாக, அழுத்தினால் கெட்டியாக ஒரே படலம் மூடிக் கிடக்கும். படகுத்துறைகளில் இதே படலம் கயிறுகளிலிருந்தும் மிதவைகளின் அடியிலிருந்தும் நீளநீளமாகத் தொங்கும்.

அது அழுக்கும் இல்லை, பாசியும் இல்லை, ஒரு விலங்கு. இன்னும் சரியாகச் சொன்னால் ஆயிரக்கணக்கான குட்டி விலங்குகள் ஒரே போர்வைக்குள் சேர்ந்து வாழும் கூட்டுடல். பெயர் கம்பளக் கடற்பீச்சி, அறிவியல் பெயர் டைடெம்னம் வெக்சில்லம். சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள இந்தப் படலத்தை ஒழிக்க நியூசிலாந்தும் வேல்ஸும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கின்றன. மெல்லிய படலம்தானே, சுரண்டி எறிந்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். அதை ஏன் செய்ய முடியவில்லை, செய்தால் ஏன் நிலைமை இன்னும் மோசமாகிறது என்பதற்கான விடை அதன் உடல் அமைப்பில் இருக்கிறது. அது ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரிந்துவிடும்.

முதலில் சாதாரணக் கடற்பீச்சி எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். பை மாதிரி ஒரு உடல், அதில் இரண்டு துளை. ஒரு துளை வழியே கடல்நீர் உள்ளே போகும், உள்ளே சல்லடையாகப் பின்னிய ஒரு தொண்டைப் பகுதி இருக்கும், அதில் பூசியிருக்கும் சளி நீரில் மிதக்கும் நுண்ணிய உணவை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், மிச்ச நீர் அடுத்த துளை வழியே வெளியேறும். கையால் அமுக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் சர்ரென்று பீச்சியடிக்கும். சுற்றியிருக்கும் மேலுறை செல்லுலோஸ் கலந்தது. செல்லுலோஸ் என்றால் மரத்திலும் பருத்தியிலும் இருக்கும் அதே பொருள்தான். விலங்கு உலகத்தில் அதைத் தானே தயாரிக்கத் தெரிந்தவை இந்தக் குடும்பம் மட்டும்தான். அந்தத் திறமைக்கான மரபணுவைப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இவற்றின் முன்னோர் ஏதோ ஒரு பாக்டீரியாவிடமிருந்து பெற்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

கடற்பீச்சிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு பை, ஓர் உயிர் என்று தனியாக வாழ்பவை ஒரு வகை. கூட்டுடலாக வாழ்பவை இன்னொரு வகை. நம்முடைய கம்பளக் கடற்பீச்சி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இந்தக் கூட்டுடலில் இருக்கும் ஒவ்வொரு குட்டி உயிரையும் ஜூவாய்டு என்பார்கள். ஒன்றின் நீளம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அதற்குச் சொந்தமாக வாய், சல்லடைத் தொண்டை, குடல், இதயம், இனப்பெருக்க உறுப்பு எல்லாமே உண்டு. ஆணும் பெண்ணும் ஒரே உடலில். சாப்பாட்டை அவரவர் வாயால் அவரவர் சாப்பிட்டுக்கொள்கிறார்கள். மேலுறை மட்டும் எல்லோருக்கும் பொது. சல்லடையில் வடிந்த நீரும் கழிவும் மேலுறைக்குள் ஓடும் பொது வாய்க்கால்களில் சேர்ந்து, அங்கங்கே இருக்கும் பெரிய பொதுத் துளைகள் வழியே வெளியே போகின்றன.

ஒரு கைலென்ஸ் இருந்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். தண்ணீருக்குள் இருக்கும் படலத்தின் மேற்பரப்பில் ஊசி குத்தியது போன்ற நுண்ணிய துளைகள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு ஜூவாய்டின் வாய். துளைகளைச் சுற்றி வெண்மையாகப் பொடிப்பொடியாகத் தெரிபவை மேலுறைக்குள் பதிந்திருக்கும் நட்சத்திர வடிவச் சுண்ணாம்பு முள்கள். இடையிடையே கொஞ்சம் கருத்த கோடுகள் ஓடும், அவைதான் அந்தப் பொது வாய்க்கால்கள். விரல் நுனியால் மெல்லத் தொட்டால் அந்த இடத்து வாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளும். கொஞ்ச நேரம் பொறுத்தால் ஒவ்வொன்றாக மறுபடி திறக்கும். பக்கத்தில் இருக்கும் கடற்பஞ்சைத் தொட்டுப் பாருங்கள், அது இப்படிச் சட்டென்று எதையும் செய்யாது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டுக்கும் குழப்பம் வருவது சகஜம், அதனால் இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்பீச்சிகள் விலங்கு உலகத்தில் நம் நெருங்கிய சொந்தக்காரர்கள். முதுகெலும்பு உள்ள எல்லா உயிர்களுக்கும், மனிதர் உட்பட, முதுகெலும்பில்லாதவற்றில் மிக நெருங்கிய உறவு நண்டோ கணவாயோ நட்சத்திர மீனோ கிடையாது, இந்தப் பீச்சிகள்தான். வளர்ந்த பிறகு பார்த்தால் அந்த உறவு துளியும் தெரியாது. இளம்பருவத்தில்தான் தெரியும். முட்டை தாயின் மேலுறைக்குள்ளேயே வளர்ந்து லார்வாவாக வெளியே வரும்போது அதற்கு ஒரு வால், வாலுக்குள் முதுகுநாண் (நம் கருவிலும் முதுகெலும்புக்கு முன்னால் தோன்றும் தண்டு), அதன் மேலே நரம்புத்தண்டு, தலைப்பக்கத்தில் வெளிச்சத்தை உணரும் ஒரு புள்ளி எல்லாம் இருக்கும். 1866இல் ரஷ்ய ஆய்வாளர் அலெக்சாண்டர் கோவலேவ்ஸ்கி கடற்பீச்சி லார்வாக்களில் இதைக் காட்டியபோதுதான், அதுவரை சிப்பி நத்தை வகையறாவோடு சேர்த்துப் பேசப்பட்ட இந்த உயிர்களை முதுகுநாணிகளின் வரிசையில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். டார்வின் 1871இல் மனிதனின் தோற்றம் பற்றி எழுதியபோது இந்தக் கண்டுபிடிப்பை எடுத்துச் சொல்லியிருக்கிறார். கல்லில் ஒட்டிக் கிடக்கும் ஒரு மஞ்சள் படலத்துக்கும் நமக்கும் ஒரே மூதாதை என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது.

அந்த லார்வா அதிக தூரம் போகாது என்பதுதான் இனிமேல் சொல்லப்போகும் கதைக்கு முக்கியம். அதற்குச் சாப்பிடத் தெரியாது, நீந்தி ஒரு நல்ல இடம் தேடுவது மட்டும்தான் அதன் வேலை. சில நிமிடங்களோ சில மணி நேரமோ நீந்தும், மிஞ்சிப்போனால் ஒரு நாள். அதற்குள் ஒரு கெட்டியான பரப்பில் தலையை வைத்து ஒட்டிக்கொண்டு, வாலையும் முதுகுநாணையும் உள்ளே கரைத்துவிட்டு, முதல் ஜூவாய்டாக மாறிவிடும். அப்புறம் அது மொட்டுவிட்டு இரண்டாகும், இரண்டு நான்காகும், கூட்டுடல் விரியத் தொடங்கும். தானாக நீந்திப் போனால் தாய் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் போயிருக்கும்.

பிறகு எப்படி இது இன்று நியூசிலாந்து, வட அமெரிக்காவின் இரண்டு கரைகள், அயர்லாந்து, பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று பல கடல்களில் இருக்கிறது?

நாம்தான் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இதன் தாயகம் ஜப்பான் பக்கத்துக் கடல் என்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. 1926இல் ஜப்பானின் முட்சு விரிகுடாவில் சேகரித்த மாதிரி ஒன்று பின்னாளில் இதே இனம் என்று அடையாளம் காணப்பட்டது. அங்கிருந்து வெளியே போனதற்கு இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, வளர்ப்புக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோன பசிபிக் சிப்பிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு போனது. மற்றொன்று, கப்பல், படகு, தெப்பம், மிதவை இவற்றின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு போனது. கடல்வழி வரும் அயல் உயிர்கள் என்றாலே, கப்பல் நிலையாக நிற்பதற்காகத் தொட்டிகளில் ஏற்றிக்கொள்ளும் நிலைப்புநீரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பல உயிர்களுக்கு அது சரி. ஒரு நாளுக்கு மேல் நீந்தத் தெரியாத இந்த லார்வா வாரக்கணக்கில் தொட்டி நீரில் பயணம் செய்து பிழைப்பது கடினம். அடிப்பாகத்தில் முழுக் கூட்டுடலாக ஒட்டிக்கொண்டு, வழியெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே போவதுதான் அதற்குத் தோதான வழி. மெதுவாகப் போகிற, மாதக்கணக்கில் ஒரே துறையில் கட்டிக் கிடக்கிற பார்ஜ் என்னும் தட்டையான சரக்குப் படகுகளும் உல்லாசப் படகுகளும்தான் இதற்கு ஏற்ற வாகனங்கள்.

புது இடத்துக்கு வந்து சேர்ந்தபின் பரவுவதற்கு அதற்கு லார்வாகூடத் தேவையில்லை. கூட்டுடலின் ஒரு துண்டு பிய்ந்து விழுந்தால், அதில் இருக்கும் ஜூவாய்டுகள் ஒவ்வொன்றும் தானே சாப்பிடக்கூடியவை, தானே மொட்டுவிடக்கூடியவை. தலை என்று ஒன்று இல்லாததால் தலையை இழந்து சாகும் பேச்சும் இல்லை. முருங்கையில் ஒரு கொம்பை ஒடித்து ஈர மண்ணில் நட்டால் அது தனி மரமாகத் தளிர்க்கிறதே, அதே சங்கதிதான். இங்கே நடுவதற்குக்கூட ஆள் தேவையில்லை. நீரோட்டத்தில் உருண்டு போகும் துண்டு ஏதாவது ஒரு கல்லில் படிந்து சில மணி நேரம் அசையாமல் கிடந்தாலே ஒட்டிக்கொள்ளும். வயிற்றில் லார்வாக்களைச் சுமந்துகொண்டிருக்கும் துண்டு என்றால் போகிற இடத்தில் அவற்றையும் இறக்கிவிடும். தொங்கும் நீளமான கிளைகள் தம் எடையாலேயே அறுந்து விழுவதும் உண்டு. மாசச்சூசெட்ஸின் சாண்ட்விச் ஊரில் பாறைக்குழியில் தேங்கிய நீரில் வைத்து ஆய்வாளர்கள் கவனித்தபோது, 5 முதல் 9 சதுர சென்டிமீட்டர் அளவுத் துண்டுகள் முதல் 15 நாளிலேயே 6 முதல் 11 மடங்கு வரை பெருகின. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு துண்டு இரண்டு வாரத்தில் உள்ளங்கைக்கு அடங்காமல் போய்விடலாம்.

சரி, இப்போது சுரண்டி எறியலாமே என்ற கேள்விக்கு வருவோம். தண்ணீருக்குள் வைத்துச் சுரண்டுகிறவர் ஒரு கூட்டுடலை நூறு கூட்டுடலாக்கி நீரோட்டத்தில் விடுகிறார். சிப்பிப் பண்ணைக்காரர் கயிற்றைத் தூக்கி உதறி, விழுந்ததைக் கடலிலேயே விட்டுவிட்டால் அவர் செய்வதும் அதுவேதான். இழுவலை போட்டு அடித்தரையை வாரும் மீன்பிடிப் படகும் தெரியாமலே இதையே செய்கிறது.

வெளியூரிலிருந்து வந்த உயிர் எல்லாம் ஆக்கிரமிப்பு உயிர் ஆகிவிடாது. பெரும்பாலானவை வந்த இடத்தில் பிழைக்காது, பிழைப்பவற்றிலும் பல, யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓர் ஓரமாக இருந்துவிடும். வந்த இடத்தில் வேகமாகப் பரவி, ஏற்கனவே இருப்பவற்றின் இடத்தையும் உணவையும் பறிப்பவற்றைத்தான் ஆக்கிரமிப்பு இனம் என்கிறோம். பாறைக் கரையில் எல்லோருக்கும் தட்டுப்பாடான பொருள் இடம்தான். ஒட்டிக்கொள்ள ஒரு கெட்டியான பரப்பு கிடைப்பதற்காகவே அங்கே உயிர்கள் போட்டி போடுகின்றன. கம்பளக் கடற்பீச்சி இடம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. இருப்பவற்றின் மேலேயே ஏறிப் பரவும். அடியில் மாட்டிக்கொண்ட மட்டி ஓடு திறக்க முடியாமல், உணவு கிடைக்காமல் நலிந்துபோகும். படலத்தின் மேல் வேறு உயிர்களின் லார்வாக்கள் வந்து அமர்வதும் அரிது. ஒருவகைக் கடல் விசிறிச் சிப்பியின் லார்வாக்கள் இந்தப் படலத்தைத் தவிர்ப்பதை அமெரிக்காவில் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள்.

இதைத் தின்று கட்டுக்குள் வைக்கப் பெரிய எதிரியும் கிடையாது. மேலுறைக்குள் சுண்ணாம்பு முள், கூடவே அமிலத்தன்மை, வேறு சில வேதிப்பொருள்கள் என்று பெரும்பாலானவர்களுக்கு வாயில் வைக்க முடியாத பண்டம். அதே சாண்ட்விச் பாறைக்குழியில், குளிர்காலம் நெருங்கிக் கூட்டுடல் நலியத் தொடங்கியபோது பெரிவிங்கிள் என்ற சிறு நத்தைகள் அதன் மேல் ஏறி மேய்ந்ததைப் பார்த்திருக்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும்போது அவை சீண்டவில்லை. பாறைக் கரையில் இதை ஓரளவு கட்டுப்படுத்துவது வெயிலும் காற்றும்தான். கடல் வற்றி நெடுநேரம் காய்ந்தால் செத்துவிடும். அதனால்தான் கரையின் மேல்பகுதியில் இது தெரியாது, கீழ்விளிம்பிலும் கல்லுக்கு அடியிலும் நிழல் விழும் பொந்துகளிலும் பாறைக்குழிகளிலும்தான் தேட வேண்டும். கென்ட் கரையில் 2011இல் இது கண்டுபிடிக்கப்பட்டது எந்தப் படகுத்துறையிலும் இல்லை, ஓதம் வற்றும்போது வெளியே தெரியும் திறந்த கரைப்பகுதியில். அந்தச் செய்தி பிரிட்டன் ஆய்வாளர்களுக்குக் கவலை தந்ததற்குக் காரணம் உண்டு. துறைமுகத்துக்குள் இருந்தால் சுற்றி வளைக்கலாம், திறந்த கரைக்கு வந்துவிட்டால் அதற்கு எல்லை போடுவது எப்படி?

எல்லை போட முடியாத நிலைமை எப்படி இருக்கும் என்பதற்கு ஜார்ஜஸ் பேங்க் சாட்சி. அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்துக்கு அப்பால் இருக்கும் பெரிய கடல்மேடு அது. காட் மீனுக்கும் விசிறிச் சிப்பிக்கும் பேர்போன மீன்பிடித் தளம். 2002 வாக்கில் அங்கே 40 முதல் 65 மீட்டர் ஆழத்தில் கூழாங்கல் தரையில் இந்தப் படலம் இருப்பது தெரியவந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அளந்து பார்த்தபோது அது தென்பட்ட பரப்பு 230 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பழைய எல்லை 174 சதுர கிலோமீட்டர், அதைவிடப் பெரிய இடம். அந்த ஆழத்தில், அந்தப் பரப்பில் யார் போய் என்ன செய்ய முடியும்?

ஆரம்பத்திலேயே பிடித்தால் முடியுமா என்று கேட்டால், நியூசிலாந்தின் கதையைச் சொல்ல வேண்டும். 2001இல் அங்கே வடதீவின் வாங்கமட்டா துறைமுகத்தில் இதைப் பார்த்தார்கள். 2002இல் பாட்ரிசியா காட் என்ற கடற்பீச்சி வல்லுநர் இதைப் புது இனமாக விவரித்துப் பெயர் வைத்தார், நியூசிலாந்தின் சொந்த இனம் என்றே அப்போது கருதினார். இதற்குள் ஒரு பார்ஜ் இதைத் தன் அடிப்பாகத்தில் சுமந்துகொண்டு தென்தீவின் ஷேக்ஸ்பியர் விரிகுடாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த மார்ல்பரோ வட்டாரம் முழுக்கப் பச்சை உதட்டு மட்டிப் பண்ணைகள். சொந்த இனமா, வந்த இனமா என்ற விவாதம் நீண்டதில் நடவடிக்கை எடுக்கவேண்டிய அருமையான நாள்கள் வீணாயின. என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே மனதை உறுத்துவது இந்த இடம்தான். ஒரே ஒரு பார்ஜ், அதன் அடியில் கொஞ்சம் தரை, அவ்வளவு சிறியதாக இருந்த காலம் அது. பிறகு தரையைத் தூர்மண் கொட்டி மூடினார்கள், துறைமேடைத் தூண்களைப் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டினார்கள், படகுகளைத் தண்ணீரிலிருந்து ஏற்றிக் காயவிட்டார்கள். பல இடங்களில் செத்தது, விட்டுப்போன ஓரிரு இடத்திலிருந்து திரும்ப வந்தது. 2008இல் ஒழிப்பு முயற்சியையே கைவிட்டார்கள்.

அதே 2008இல் உலகின் மறுகோடியில், வேல்ஸின் ஹோலிஹெட் படகுத்துறையில் இது தென்பட்டது. வேல்ஸ்காரர்கள் தாமதிக்கவில்லை. 2009 இலையுதிர் காலத்தில் வேலை ஆரம்பமானது. மிதக்கும் நடைமேடை ஒவ்வொன்றின் அடியையும் பெரிய பிளாஸ்டிக் பையால் மூடினார்கள், நங்கூரச் சங்கிலிகளுக்கு நீளமான பிளாஸ்டிக் உறை மாட்டினார்கள். உள்ளே அடைபட்ட நீரில் ஆக்சிஜன் தீர்ந்தாலே கூட்டுடல் மூச்சுமுட்டிச் சாகும், சாவை விரைவுபடுத்தக் குளோரினும் கலந்தார்கள். எந்தத் துண்டும் பிய்ந்து வெளியே போகாமல், இருந்த இடத்திலேயே கொல்வதுதான் இதன் சூட்சுமம். குளிர்ந்த தண்ணீரில் முக்குளிப்பவர்கள் நாள்கணக்கில் இறங்கி ஒவ்வொரு சங்கிலியாக உறை மாட்டியதை நினைத்துப் பாருங்கள். முடிந்தது என்று மூச்சு விட்ட பிறகு, 2010 கோடையில் விரல்நக அளவில் அங்கங்கே திரும்பவும் முளைத்திருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. தண்ணீர் குளிர்ந்தால் இது சுருங்கிக் கண்ணுக்குத் தெரியாத அளவில் பதுங்கிக்கொள்ளும், வெதுவெதுப்பானதும் விரியும். அதனால் ஒருமுறை பார்த்து இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

கம்பளக் கடற்பீச்சி குளிர்ந்த, மிதவெப்பக் கடல்களின் உயிர். நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் இதன் உறவினர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தின் தூண்களிலும் மிதவைகளிலும் படகு அடிகளிலும் மண்டும் கடற்பீச்சிகளைக் கடல் உயிரியலாளர்கள் வெகுகாலமாகப் பதிவு செய்துவருகிறார்கள், அவற்றில் இதே டைடெம்னம் பேரினத்தைச் சேர்ந்த வேறு இனங்களும் உண்டு. மன்னார் வளைகுடா ஆய்வுகளைப் படிக்கும்போது இந்தக் கூட்டுடல் பற்றிய அடிப்படை தெரிந்திருந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

இது பரவியிருக்கும் நாடுகளில் வசிக்கும் நம்மவர்கள் பலர் வார இறுதியில் கரைக்குப் போகிறவர்கள், தூண்டில் போடுகிறவர்கள், சிலர் படகு வைத்திருப்பவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் நடைமுறை. சந்தேகத்துக்குரிய படலம் கண்ணில் பட்டால் முதல் வேலை, பிய்க்காமல் இருப்பது. பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள், ஒரு படம் தள்ளி நின்று, ஒரு படம் துளைகள் தெரியும் அளவுக்கு நெருங்கி. இடத்தைக் குறித்துக்கொண்டு அந்த ஊரின் மீன்வள அல்லது உயிரியல் பாதுகாப்புத் துறைக்கு அனுப்புங்கள். சாதாரண மக்கள் தரும் தகவலுக்கு என்ன மதிப்பு என்று நினைக்க வேண்டாம். அலாஸ்காவின் சிட்கா பக்கத்தில் இது இருப்பது 2010இல் தெரியவந்தது தன்னார்வலர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய ஓர் உயிரினக் கணக்கெடுப்பு நாளில்தான். புரட்டிய கல்லைப் பழையபடியே கவிழ்த்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடியில் இருப்பவை காய்ந்து செத்துப்போகும்.

படகின் அடிப்பாகத்தைத் தண்ணீரில் வைத்தே சுரண்டாமல் கரைக்கு ஏற்றிச் சுத்தம் செய்யுங்கள், சுரண்டியது திரும்பக் கடலுக்குப் போகாமல் குப்பையில் சேருங்கள். கயிறு, கூண்டு, தூண்டில் சாமான், நீச்சல் உடை இவற்றையெல்லாம் அடுத்த கடலில் இறக்குமுன் நல்ல தண்ணீரில் அலசி முழுதாகக் காயவிடுங்கள். உப்பில்லாத தண்ணீரும் வெயிலும் இதற்கு ஆகாது. மட்டிக் குஞ்சுகளை ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுமுன் வினிகர் கரைசலிலோ பிளீச் கரைசலிலோ கொஞ்ச நேரம் முக்கியெடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஓடு மூடிக்கொண்ட மட்டி பிழைக்கும், மேலே ஒட்டியிருக்கும் பீச்சிக்கு மூடிக்கொள்ள ஓடு கிடையாது. கரைசலின் அளவும் நேரமும் கொஞ்சம் தவறினாலும் மட்டியும் சேர்ந்து சாகும் என்பதால், பண்ணை வைத்திருப்பவர்கள் அந்தந்த நாட்டு மீன்வளத் துறையின் வழிகாட்டுதலைக் கேட்டே இதைச் செய்ய வேண்டும்.